பெயர் மறைத்த ஹோட்டலில் 60 சதவீதத் தள்ளுபடி: கையில் மிஞ்சுவது எவ்வளவு?

சில ஹோட்டல் புக்கிங் தளங்களில் பகுதி, நட்சத்திரம், வசதிகள், விலை எல்லாம் காட்டுவார்கள். ஹோட்டலின் பெயரை மட்டும் பணம் கட்டிய பிறகே சொல்வார்கள். ஹாட்வயர் தளத்தில் இதற்கு ‘ஹாட் ரேட்’ என்று பெயர், பிரைஸ்லைனில் ‘எக்ஸ்பிரஸ் டீல்’, லாஸ்ட்மினிட் தளத்தில் ‘டாப் சீக்ரெட்’. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கோ லண்டனுக்கோ போகிறவர்கள் குமரி மாவட்டத்தில் குறைவில்லை. போகிற வழியில் இரண்டு ராத்திரி தங்க இடம் தேடும்போது இந்தச் சிவப்பு எழுத்துத் தள்ளுபடி கண்ணில் படாமல் இருக்காது.

இது ஏமாற்று வேலை அல்ல. அறை பெரும்பாலும் மலிவாகத்தான் கிடைக்கும். ஆனால் திரையில் போட்டிருக்கும் சதவீதமும் உங்கள் பையில் மிஞ்சும் சதவீதமும் வேறு வேறு. இரண்டாவதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். பத்து நிமிட வேலை.

ஏன் பெயரை மறைக்கிறார்கள்

விற்காத அறை, வெயில் ஏறும்வரை ஏலம் போகாத மீன் மாதிரி. இன்று ராத்திரி கழிந்தால் அதற்கு விலையே கிடையாது. ஆகவே பாதி விலைக்காவது தள்ளிவிட ஹோட்டலுக்கு ஆசை. ஆனால் தன் பெயரைப் போட்டுக் குறைத்தால், ஏற்கெனவே முழு விலைக்குப் பதிவு செய்தவர்கள் அதைக் கேன்சல் செய்துவிட்டுப் புது விலைக்கு வந்துவிடுவார்கள். அடுத்த மாதம் வருகிறவரும் அதே விலையைக் கேட்பார். இதற்கு மேல், ‘எங்களிடம் தரும் விலையைவிடக் குறைத்து வேறெங்கும் விற்கக்கூடாது’ என்று பெரிய புக்கிங் தளங்கள் ஹோட்டல்களோடு போடும் ஒப்பந்தம் வேறு இருக்கும். இந்தியாவில் இப்படிப்பட்ட நிபந்தனைகள் உள்ளிட்ட காரணங்களுக்காகத்தான் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப், கோஐபிபோ குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பெயரை மறைத்து விற்றால் இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் வருவதில்லை.

எந்த ஹோட்டல் என்ற தேர்வையும், வேண்டாம் என்றால் பணத்தைத் திரும்ப வாங்கும் வசதியையும் நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். தள்ளுபடி அதற்கான கூலி. கூலி போதுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கோடு போட்ட விலை எங்கிருந்து வருகிறது

‘180 டாலர்’ என்று எழுதிக் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் ‘108’ என்று போட்டிருப்பார்கள். 40 சதவீதம் மிச்சம் என்கிறது திரை. அந்த 180 யாருடைய விலை? அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய ‘ஐ’ குறியைத் தொட்டால், அல்லது பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், விளக்கம் இருக்கும். பொதுவாக நான்கில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, அதே பகுதியில் அதே நட்சத்திரத்தில் அதே தேதிக்கு வெளிப்படையாக விற்கும் ஹோட்டல்களின் விலை. பெயர் மறைத்த அறைகளுக்குப் பெரும்பாலும் இதுதான். கவனியுங்கள், உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஹோட்டலின் விலை அல்ல இது, அதன் கூட்டாளிகளின் விலை. அந்த வட்டாரத்தின் மூன்றரை நட்சத்திர ஹோட்டல்களில் நல்லது 180-க்கும் சுமாரானது 140-க்கும் விற்கலாம். கிடைப்பது பெரும்பாலும் சுமாரானதே. நன்றாக ஓடுகிற ஹோட்டலுக்கு மறைத்து விற்க வேண்டிய அவசியம் குறைவு.

இரண்டாவது, அதே ஹோட்டலின் விலைதான், ஆனால் கடைசி நாள் வரை கேன்சல் செய்யலாம் என்ற சலுகையோடு கூடிய விலை. பணம் திரும்பாத அறையை அதோடு ஒப்பிடுவது சரியல்ல.

மூன்றாவது, ஹோட்டலின் ரேட் கார்டில் உள்ள உச்ச விலை. வரவேற்பு மேசைக்குப் பின்னால் பலகையில் எழுதியிருக்குமே, யாரும் கொடுக்காத அந்த விலை.

நான்காவதுதான் மோசமானது. வேறு நாளின் விலையையோ வேறு அறையின் விலையையோ எடுத்துப் பக்கத்தில் போடுவது. இது நடந்திருக்கிறது. சாதாரண அறையின் விலைக்குப் பக்கத்தில் சொகுசு அறையின் விலையை வைத்து ஒப்பிட்டது உள்ளிட்ட தவறுகளுக்காக, ஹோட்டல் விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் டிரிவாகோ நிறுவனத்துக்கு 2022-இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. பிரிட்டனிலும் வார நாள் அறையை வார இறுதி விலையோடு ஒப்பிடுவது போன்ற பழக்கங்களை நிறுத்துவதாகப் பெரிய தளங்கள் 2019-இல் அங்குள்ள போட்டி ஆணையத்திடம் உறுதி கொடுத்தன.

‘60 சதவீதம் வரை’ என்பதில் உள்ள ‘வரை’யையும் விட்டுவிடாதீர்கள். எங்கோ ஒரு ஊரில் ஒரு அறைக்கு 60 கிடைத்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது.

நீங்களே போட வேண்டிய கணக்கு

கோடு போட்ட எண்ணை மறந்துவிடுங்கள். இந்தச் சலுகையே இல்லாவிட்டால் நீங்கள் எந்த ஹோட்டலை எடுத்திருப்பீர்களோ, அதன் முழுத் தொகையை ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கம் பெயர் மறைத்த அறையின் முழுத் தொகை. வரி, தளத்தின் சேவைக் கட்டணம், ஹோட்டலில் நேரில் கட்டும் கட்டணம், காலை உணவு, பார்க்கிங் எல்லாம் இரண்டு பக்கமும் வர வேண்டும்.

மேலே சொன்ன 108 டாலர் அறையையே எடுத்துக்கொள்வோம். விலை விவரத்தைத் திறந்தால் ‘வரியும் கட்டணங்களும்’ என்று 24 டாலர் சேர்கிறது. இதில் அரசின் வரி மட்டுமல்ல, தளத்தின் சேவைக் கட்டணமும் கலந்திருக்கும், பிரித்துச் சொல்ல மாட்டார்கள். பிறகு ஹோட்டலில் கட்ட வேண்டிய வசதிக் கட்டணம் (நீச்சல் குளம், வைஃபை என்ற பெயரில் கட்டாயமாக வாங்கும் ‘ரிசார்ட் ஃபீ’) 25 டாலர். ஆக 157. அதே தரத்தில் அதே தெருவில் உள்ள ஹோட்டலை அதன் சொந்தத் தளத்தில் பார்த்தால் அறை 140, வரி 20, வசதிக் கட்டணம் 25, மொத்தம் 185 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 28 டாலர், அதாவது சுமார் 15 சதவீதம். திரை சொன்னது 40.

இந்த வசதிக் கட்டணத்தைத்தான் முன்பெல்லாம் கடைசிப் பக்கத்தில் காட்டுவார்கள், அல்லது ஹோட்டல் வாசலில்தான் தெரியவரும். அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் நடப்புக்கு வந்த பிறகு, கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். அரசு வரியை மட்டும் பிறகு சேர்க்கலாம். மொத்தத்தில் காட்டியிருந்தாலும் அந்தப் பகுதிப் பணத்தை ஹோட்டல் கவுண்டரில் வாங்குவது உண்டு. ‘எல்லாம் கட்டிவிட்டோமே’ என்று அங்கே நின்று வாதாடாமல் இருக்க, இப்போது எவ்வளவு, அங்கே எவ்வளவு என்று பணம் கட்டும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கேன்சல். பெயர் மறைத்த அறைக்குப் பணம் போனால் போனதுதான். அந்த 28 டாலர் மிச்சத்துக்காக 132 டாலரைப் பணயம் வைக்கிறீர்கள். (வசதிக் கட்டணம் 25 டாலரை ஹோட்டலுக்குப் போய்த் தங்கினால்தான் கட்ட வேண்டும் என்பதால் அதைச் சேர்க்கவில்லை.) வசதிக் கட்டணம் இரண்டிலும் ஒன்றே. அதைக் கழித்துவிட்டால் ஒரு பக்கம் 160, மறுபக்கம் 132. இருபத்தெட்டை 160-ஆல் வகுத்தால் 17.5 சதவீதம். பயணம் மாறுவதற்கான வாய்ப்பு ஆறில் ஒன்றைவிட அதிகம் என்று தோன்றினால், கேன்சல் செய்யக்கூடிய 185 டாலர் அறையே லாபம். எந்தத் தொகைக்கும் இதே வழி: உண்மையான மிச்ச சதவீதத்தைவிடப் பயணம் மாறும் வாய்ப்பு அதிகமானால் விட்டுவிடுங்கள்.

இந்திய வங்கி கார்டில் டாலரில் கட்டினால் அந்நியச் செலாவணிக்கான கூடுதல் கட்டணம் வரும். 3.5 சதவீதம் எடுக்கும் கார்டு என்றால் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 4.13 சதவீதம். ‘ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?’ என்று ஹோட்டலின் மெஷின் கேட்டால் வேண்டாம், டாலரிலேயே என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்கள் வங்கியின் விகிதத்தைவிட மோசமாகவே இருக்கும்.

எந்த ஹோட்டல் என்று முன்பே ஊகிப்பது

முழுக்கக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் இரண்டு மூன்றுக்குள் சுருக்கிவிடலாம். பெயர் மறைத்த ஹோட்டல் பெரும்பாலும் அதே தளத்தில் பெயரோடும் கூடுதல் விலைக்கு விற்பனையில் இருக்கும்.

இரண்டு பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் மறைத்த சலுகை, மற்றொன்றில் அதே தேதி, அதே ஆள் எண்ணிக்கை, அதே பகுதி, அதே நட்சத்திரம் போட்டு வடிகட்டிய வெளிப்படையான பட்டியல். பிறகு வசதிகளை ஒப்பிடுங்கள். வைஃபை, ஏ.சி. எல்லாம் எல்லா ஹோட்டலிலும் இருக்கும், அவை உதவாது. அரிதானதைத் தேடுங்கள்: நாய் பூனைக்கு அனுமதி, இலவச விமான நிலைய வண்டி, வெளியே நீச்சல் குளம், அறைக்குள் சமையலறை. இதில் இரண்டு ஒத்துப்போனாலே பட்டியல் பாதியாகிவிடும்.

அடுத்தது விருந்தினர் மதிப்பெண். ‘8.4’ என்றோ ‘85 சதவீதம் பேர் பரிந்துரை’ என்றோ இருப்பதைப் பெயருள்ள பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். எல்லாவற்றையும்விட நல்ல அடையாளம் கட்டாய வசதிக் கட்டணம். ஒரு வட்டாரத்தில் இரண்டு ஹோட்டல்கள் சரியாக 28.50 டாலர் வாங்குவது அபூர்வம். மறைத்த சலுகையின் விலைப் பிரிவில் அந்தச் சில்லறை எண் தெரிந்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது.

பிரைஸ்லைனில் ‘பிரைஸ்பிரேக்கர்’ என்று ஒன்று உண்டு. மூன்று ஹோட்டல்களின் பெயரைக் காட்டி, அதில் ஒன்று கிடைக்கும் என்பார்கள். மூன்றில் மோசமானதுதான் வரும் என்று எடுத்துக்கொண்டு, அந்த ஹோட்டலுக்கு இந்த விலை சரிதானா என்று பாருங்கள். சரி என்றால் எடுங்கள். நல்லது வந்தால் அதிர்ஷ்டம்.

ஊகித்த பிறகு ஒன்று மீதம் இருக்கிறது. அந்த ஹோட்டலின் சொந்தத் தளத்தில் இலவசமாக உறுப்பினராகி, உறுப்பினர் விலையைப் பாருங்கள். வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் என்றால் நேரடியாக எடுப்பதே புத்திசாலித்தனம். மறைத்த பதிவுக்குப் பொதுவாகப் புள்ளிகளும் சேராது, மாடி உயரம் கேட்கவும் வழியிருக்காது.

நம் ஊரில் அறை எடுக்கும்போது

கன்னியாகுமரியில் அறை தேடினால் பெயர் மறைத்த சலுகையைவிடப் பெயர் தெரிந்த லாட்ஜுக்கே ‘60 சதவீதத் தள்ளுபடி’ என்று வருவதுதான் அதிகம். கோடு போட்ட விலை 5,999, இப்போது 2,399 என்று போட்டிருக்கும். 5,999 என்பது சபரிமலை சீசனிலோ மே மாத விடுமுறையிலோ ஒரு சனிக்கிழமைக்கு விற்றிருக்கக்கூடிய விலை. ஆடி மாதத்துப் புதன்கிழமையில் அந்த அறை யாருக்கும் 5,999 கிடையாது.

இங்கே போன் போதும். லாட்ஜின் எண்ணை வரைபடத்தில் எடுத்து, ‘அண்ணே, வர்ற புதன்கிழமை ஒரு ராத்திரிக்கு டபுள் ஏ.சி. ரூம், டேக்ஸ் எல்லாம் சேத்து எவ்வளவு வரும்? எக்ஸ்ட்ரா பெட்டுக்குத் தனியா உண்டா?’ என்று கேளுங்கள். தளத்துக்குத் தர வேண்டிய கமிஷன் மிஞ்சுவதால் அதே விலைக்கோ அதற்குக் குறைவாகவோ கொடுக்க ஒத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. சீசனில் இந்தப் பேச்சு எடுபடாது, அப்போது தளத்தில் கிடைத்த விலையையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பெயர் மறைத்து எடுப்பதென்றால் பகுதிதான் பெரிய ஆபத்து. ‘கன்னியாகுமரி’ என்று தளம் எழுதுவது ஊரையா, மாவட்டத்தையா? மாவட்டம் என்றால் நாகர்கோவிலில் அறை கொடுத்துவிட்டு, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி விவேகானந்தர் பாறைப் படகுக்கு வரிசையில் நிற்க உங்களை விடலாம். ‘கோவளம்’ இன்னும் மோசம். குமரிமுனைக்குப் பக்கத்தில் மீனவர் ஊர் ஒரு கோவளம், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சுற்றுலாக் கடற்கரை ஒரு கோவளம், சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொரு கோவளம். வரைபடத்தில் அவர்கள் நிழலிட்டுக் காட்டும் பகுதியின் ஓரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த நிழலுக்குள் மிகத் தொலைவில் இருக்கும் மூலையில்தான் ஹோட்டல் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஆட்டோ செலவைக் கணக்கில் சேருங்கள்.

‘கடல் தெரியும் அறை’ என்று சலுகையில் தனியாக எழுதியிருந்தாலொழிய அது கிடையாது. படத்தில் கடல் இருந்தால் மட்டும் போதாது.

சூரிய உதயம் பார்க்க விடியற்காலை வந்து இறங்குகிறவர்கள் செக்-இன் நேரத்தைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். பகல் 12 மணி செக்-இன் உள்ள இடத்தில் காலை ஐந்து மணிக்குப் போய் நின்றால், முந்தைய நாளுக்கும் சேர்த்துக் கேட்பார்கள். தள்ளுபடி அங்கேயே தீர்ந்துவிடும். நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கிடும் லாட்ஜுகள் இங்கே உண்டு, ஆனால் பெயர் தெரியாமல் அதைக் கேட்டு வைக்க முடியாது.

உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமேயான ஒரு சிக்கல்: அதே ஊர் முகவரி உள்ள ஆதார் கார்டு கொண்டுவருகிறவர்களுக்கு அறை தராத விடுதிகள் உண்டு. தக்கலையில் இருந்தோ குளச்சலில் இருந்தோ குமரிமுனையில் ஒரு ராத்திரி தங்க நினைக்கிறவர் பெயர் மறைத்த அறையை எடுத்தால், வாசலில் வைத்து ‘லோக்கல் ஐ.டி. எடுக்க மாட்டோம்’ என்று சொல்ல இடமிருக்கிறது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ள பேரப்பிள்ளைகள் கூட வந்தால், அவர்களுக்கு அறை தருவார்களா என்றும் கேட்க வேண்டும். பெயர் தெரிந்த விடுதியையே எடுங்கள்.

வரியில் ஒரு படி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. வாடகை 7,400 என்றால் வரி 370, மொத்தம் 7,770. வாடகை 7,600 என்றால் வரி 1,368, மொத்தம் 8,968. வாடகையில் 200 ரூபாய் வித்தியாசம், பில்லில் 1,198. வரி சேராத விலைகளை ஒப்பிட்டு ‘கொஞ்சம்தானே கூட’ என்று நல்ல அறைக்கு ஏறுகிறவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள்.

நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் சுற்றுலா அமைச்சகம் தரும் நட்சத்திரச் சான்று விருப்பத்தின் பேரில் வாங்குவது. புக்கிங் தளத்தில் தெரியும் ‘3 நட்சத்திரம்’ தளமோ விடுதியோ தானே போட்டுக்கொண்டதாகவும் இருக்கலாம். சமீபத்திய ஆறு மாத விமர்சனங்களில் குளியலறைப் படங்களைப் பாருங்கள், அதற்கு மேல் நட்சத்திரம் தேவையில்லை.

எடுக்கவே கூடாத நேரங்கள்

விசா கைக்கு வருவதற்கு முன் எடுக்காதீர்கள். தங்கும் இடத்துக்கான சான்று கேட்கும் ஷெங்கன் விசா போன்றவற்றுக்குப் பெயரும் முகவரியும் உள்ள, கேன்சல் செய்யக்கூடிய பதிவுதான் ஏற்றது. மூன்று பேருக்கு மேல் போகும் குடும்பத்துக்கும் இது சரிவராது. பெயர் மறைத்த அறையில் பொதுவாக இரண்டு பெரியவர்களுக்குத்தான் உறுதி, ஒரு பெரிய கட்டிலா, இரண்டு சிறிய கட்டிலா என்பதைச் செக்-இன் நேரத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். முழங்கால் வலியுள்ள பாட்டிக்குத் தரைத்தளமோ லிஃப்ட்டோ வேண்டும் என்றால் அதையும் முன்கூட்டிக் கேட்க ஆளில்லை.

ஒருவர், அல்லது ஒரு ஜோடி, ஒரு ராத்திரி, தேதி உறுதி, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் படுத்து எழுந்தால் போதும் என்றால் தாராளமாக எடுக்கலாம். இந்த வகைக்கே அது பொருந்தி வரும்.

பணம் கட்டும் திரையும் அதற்குப் பிறகும்

கட்டும் முன் கடைசிப் பக்கத்தை மெதுவாகக் கீழே வரை உருட்டுங்கள். பயணக் காப்பீடு, நன்கொடை என்று முன்பே டிக் செய்து வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ‘இன்னும் ஒரே அறை, 14 பேர் பார்க்கிறார்கள்’ என்று வந்தால் பதறாமல் இன்னொரு போனில் அதே தேதியைப் போட்டுப் பாருங்கள். கேட்காமல் கூடையில் சேர்ப்பது, பொய் அவசரம் காட்டுவது, கட்டணத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது மூன்றும் 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த 13 ‘டார்க் பேட்டர்ன்’ வகைகளில் வருகின்றன.

மூன்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்: தள்ளுபடி சதவீதம் தெரியும் சலுகைப் பக்கம், வசதிகளும் நிழலிட்ட வரைபடமும் உள்ள பக்கம், கடைசி மொத்தத் தொகை. தேதியும் நேரமும் தெரியட்டும். பெயர் வெளிவந்ததும் ஹோட்டலுக்கே போன் செய்து, பதிவு அவர்கள் கையில் இருக்கிறதா, நள்ளிரவில் வந்தாலும் அறை இருக்குமா, முன்பணமாக எவ்வளவு பிடித்து வைப்பார்கள், டெபிட் கார்டு எடுப்பார்களா என்று கேளுங்கள். அமெரிக்க ஹோட்டல்களில் பல, செக்-இன்னில் கிரெடிட் கார்டு இல்லாவிட்டால் முகம் சுளிக்கும்.

வாக்குக் கொடுத்த வசதி இல்லை, நீச்சல் குளம் மூடிக்கிடக்கிறது, பகுதி வரைபடத்துக்கு வெளியே இருக்கிறது என்றால் அறைக்குள் பெட்டியை அவிழ்ப்பதற்கு முன்பே தளத்தின் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். தங்கி முடித்துவிட்டுக் கேட்டால் ‘தங்கினீர்களே’ என்பார்கள். ‘ஹோட்டல் பிடிக்கவில்லை’ என்பது காரணமாகாது, ‘சலுகைப் பக்கத்தில் இது இருந்தது, இங்கே இல்லை’ என்பது காரணமாகும்.

இந்தியாவில் இயங்கும் தளம் என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்துவிடுங்கள். தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். தளத்தின் அலுவலகம் குருகிராமில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அந்த மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகளோடு பணம் பிடித்த வங்கி அறிக்கையையும் அச்செடுத்து இணையுங்கள்.